கத்தியும் முகவரியும்

ஒளித்துக் கொண்டுசெல்லப்பட்ட ஆயுதத்தைப் பற்றித் தமிழில் வழங்கும் கதைகளுள் பெரியபுராணத்து முத்தநாதனின் கதை முதன்மையானது. மெய்ப்பொருள் நாயனாரைப் போர்க்களத்தில் வெல்ல மாட்டாத அவன், மேனியெங்கும் திருநீறு பூசி, சடைமுடி தாங்கி, சுவடிக்கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு திருக்கோவலூர் அரண்மனைக்குள் செல்கிறான். வாயில்கள் பலவற்றைக் கடக்கிறான். அந்தக் கட்டை எவரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. அடியார் கோலமே அவனுக்கு அனுமதிச் சீட்டாக இருந்தது.

சேக்கிழார் இதைப் பக்தியின் பெருமையைச் சொல்வதற்காகப் பாடினார். நாமோ காவலின் பழக்கம் ஒன்றைச் சுட்டுவதற்காக இங்கே நினைவுகூர்கிறோம். எவருடைய பையைத் திறப்பது, எவருடைய பையைத் திறவாமல் விடுவது என்பதைக் காவல் புரிவோர் கோலத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். முத்தநாதன் கதையில் அந்தக் கணிப்பு ஓர் அரசரின் உயிரைக் குடித்தது. இன்று அதே கணிப்பு இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் இளைஞர்கள் பலரின் எதிர்காலத்தைக் குலைத்துக்கொண்டிருக்கிறது.

பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது பற்றி நம் மாநிலத்தில் நடைமுறையில் உள்ள சட்டங்கள், கத்தியைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் அதை வைத்திருப்பவன் யார் என்பதைப் பற்றியே அதிகம் பேசுகின்றன என்பது நமது துணிபு. வடசென்னைக் கல்லூரி ஒன்றில் பல்லாண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். சட்டம் நமது துறை அன்று. ஆயினும், ஒரு சொல்லை எவர் எப்படிப் பொருள்கொள்கிறார்கள் என்று ஆராய்வது நமது துறைதான். சட்டமும் சொற்களால் ஆனதே.

*

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். கத்தியைக் கண்டு மக்கள் கொள்ளும் அச்சம் கற்பனையானது அன்று. 2019 ஜூலை 23 அன்று அரும்பாக்கத்தில் மாநகரப் பேருந்து ஒன்றை மறித்து, பட்டப்பகலில், கல்லூரி மாணவர்கள் சக மாணவர்களைப் பட்டாக்கத்தியால் வெட்டியதை ஊரே கண்டது. 2018 பிப்ரவரியில் பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் ரவுடி ஒருவரின் பிறந்தநாள் கேக் அரிவாளால் வெட்டப்பட்டது. அங்கே எழுபதுக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் கைது செய்யப்பட்டனர். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் தம் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் தன் வகுப்புத் தோழனை அரிவாளால் வெட்டினான். புத்தகப் பைக்குள் அரிவாள் என்ற செய்தியைப் படித்த எவருக்கும் முத்தநாதனின் சுவடிக்கட்டு நினைவுக்கு வந்திருக்கும்.

வடசென்னையைக் காதல் வயப்பட்டு எழுதுகிறவர்கள் மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. இங்கே ஏந்தப்படும் கத்திக்கு இரையாவோர் பெரும்பாலும் இங்குள்ளவர்களே. பட்டினப்பாக்கத்தார் வந்து பழைய வண்ணாரப்பேட்டையாரை வெட்டுவதில்லை. தண்டையார்ப்பேட்டைத் தாய்மார்தாம் தண்டையார்ப்பேட்டைப் பிள்ளைகளுக்காக விடிய விடிய மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கத்தி இல்லாத தெரு வேண்டும் என்று மற்றெவரையும் விட அதிகமாக விரும்புகிறவர்கள் அவர்கள். எனவே கத்தியைக் கட்டுப்படுத்தும் சட்டமே வேண்டாம் என்பது நமது வாதம் அன்று. நல்ல சட்டம் வேண்டும் என்பதே வாதம்.

*

இருக்கும் சட்டம் என்ன சொல்கிறது? 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சி கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின் இடத்தில், விடுதலைக்குப் பின் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வந்தது. தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ உரிய கருவியாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம் என்று அது வரையறுக்கிறது. கூர்முனைக் கருவிகளும் அதில் அடங்கும். வீட்டு உபயோகத்துக்கோ வேளாண்மைக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்கள் ஆயுதம் ஆகமாட்டா என்று விலக்கும் தருகிறது. 1962-இல் வந்த விதிகளின் அட்டவணை இன்னும் நுட்பமாகச் சென்று, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளை ஆயுதங்களின் ஐந்தாம் வகையில் வைத்தது. வீடு, வேளாண்மை ஆகியவற்றோடு அறிவியல், தொழில் ஆகிய நோக்கங்களுக்காக வடிவமைக்கப்பட்டவற்றுக்கும் அங்கே விலக்கு உண்டு.

அடுத்து வருவது பலரும் அறியாத செய்தி. துப்பாக்கிக்கு நாடெங்கும் உரிமம் வேண்டும். கத்திக்கோ, நான்காம் பிரிவின்படி, ஒரு பகுதியின் சூழ்நிலையைக் கருதி மத்திய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டால்தான் அப்பகுதியில் உரிமம் தேவைப்படும். தில்லியில் 1980 அக்டோபரில் வந்த ஓர் அறிவிக்கை 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் என்று அளவு வகுத்தது. பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகள் தொடர்பாகத் தில்லி நீதிமன்றங்களில் நடக்கும் வழக்குகள் பலவும் அந்த ஒரு தாளைச் சுற்றியே சுழல்கின்றன. ஆக, ஒருவன் கத்தியோடு தெருவில் நடப்பது குற்றமா இல்லையா என்பது அலகின் அளவு, அது செய்யப்பட்ட நோக்கம், அவன் நிற்கும் இடம் பற்றிய அறிவிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே தெரியவரும். சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் இந்த மூன்றையும் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது முகத்தை.

சட்டத்தின் சொற்களைக் கூர்ந்து வாசித்தால் வேறொன்றும் புலப்படும். தாய்ச் சட்டம் வீட்டை நினைத்தது, வயலை நினைத்தது. துறைமுகத்தை நினைக்கவில்லை. காசிமேட்டில் ஏலம் முடிந்து மீனை வாங்கி வருகிறவர்களுக்குக் கூலிக்கு வெட்டித் தருபவரின் கத்தி வீட்டுக்குரியதும் அன்று, வேளாண்மைக்குரியதும் அன்று. படகில் வலையின் சிக்கலை அறுக்கும் கத்தி எதில் சேரும்? ஐஸ் பாரை உடைக்கும் ஊசி? இறைச்சிக் கடைக்காரரின் கத்தி? இளநீர் சீவும் அரிவாள்? மூட்டை தூக்குவோரின் கொக்கி? தொழில் என்ற ஒரு சொல்லுக்குள் இவை யாவும் அடங்கும் என்று வழக்கறிஞர் வாதாடலாம். ஆனால், அந்த வாதம் நீதிமன்றத்தில் நடப்பது. கைது நடப்பது தெருவில்.

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் கடற்கரை, கருவிகளால் வாழும் நிலம். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதன் பின் துறைமுகம், ஆலைகள், பட்டறைகள், அனல்மின் நிலையங்கள் என்று வந்தவை எல்லாம் கையில் கருவி பிடித்த மனிதர்களை நம்பியே வந்தன. அதற்கு வெகு முன்னரே திருவொற்றியூர் உழைப்பாளிகளின் ஊர்தான். அவ்வூரினராகச் சேக்கிழார் பாடும் கலிய நாயனார், செல்வம் கரைந்த பிறகு கூலிக்குச் செக்காடிப் பிழைத்தவர். இப்படிப்பட்ட ஊரில் கருவிக்கும் ஆயுதத்துக்கும் இடையிலான கோட்டை அலகின் நீளத்தைக் கொண்டு மட்டும் வரைந்துவிட முடியாது. அது ஏந்துகிறவனின் நோக்கத்தில் இருக்கிறது. நோக்கத்தை நிறுவ வேண்டியது அரசின் கடமை.

அந்தக் கடமை எவ்வளவு எளிதாகக் கைகழுவப்படுகிறது என்பதற்கு நம் வகுப்பறையிலிருந்தே ஒரு சான்று சொல்லலாம். விடியற்காலையில் மீன் வெட்டிக் கொடுத்துவிட்டு, குளித்து உடை மாற்றிக்கொண்டு, பதினோரு மணி வகுப்புக்கு வருகிற மாணவர்கள் நம்மிடம் உண்டு. அவர்களுள் ஒருவன் இரண்டாமாண்டு படித்தபோது, மாலையில் வீடு திரும்பும் வழியில் வாகனச் சோதனையில் நிறுத்தப்பட்டான். பையில் நன்னூல் இருந்தது, சாப்பாட்டு டப்பா இருந்தது, செய்தித்தாளில் சுற்றிய மீன்கத்தியும் இருந்தது. எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னான். அந்த விடைக்குப் பின் வேறு கேள்வி தேவைப்படவில்லை. இரவு பத்து மணிக்கு மேல், மீன் விற்கும் அம்மாள் ஒருவர் நிலையத்துக்கு நேரில் வந்து, அது தன் கடைக் கத்தி என்று சொல்லி, வெட்டிய மீன்களின் செதிள் ஒட்டியிருப்பதைக் காட்டிய பிறகே விட்டார்கள். வழக்கு இல்லை. ஆனால், படமெடுத்தார்கள், கைரேகை வாங்கினார்கள், பெயரும் முகவரியும் ஏதோ ஓர் ஏட்டில் ஏறின. அந்த ஏடு எது, அதில் அவன் பெயர் எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. நாம் கேட்டபோதும் விடையில்லை. அன்று கத்தியைக் கண்டுபிடித்ததில் தவறில்லை. கத்தியைப் பற்றிய விசாரணை தெருவின் பெயரோடு முடிந்துபோனதுதான் தவறு.

*

ஏடு என்றோம். கத்தி ஏந்துவது பற்றிய சட்டம் இப்படிக் குழம்பிக் கிடப்பதால், நடைமுறையில் காவல்துறை வேறு கருவிகளையே பெரிதும் நம்புகிறது. அவை மூன்று.

முதலாவது, சரித்திரப் பதிவேடு. ஒருமுறை அதில் ஏறியவனின் வீட்டுக் கதவை நள்ளிரவிலும் தட்டலாம். இதன் வேர் ஆழமானது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தி விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பையே குற்றமாக்கிய அச்சட்டம் இங்கே 1947-இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்து அமர்ந்தது. சாதியின் பெயர் போய்விட்டது, கண்காணிக்கும் பழக்கம் போகவில்லை. இது வடசென்னையின் குறை மட்டும் அன்று. 2024 மே மாதத்தில் தில்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தங்கிய பின்னணி கொண்ட அப்பாவிகளின் பெயர்கள் இத்தகைய ஏடுகளில் இயந்திர கதியில் ஏற்றப்படுவதைக் கண்டித்து, தத்தம் விதிகளை மறுபரிசீலனை செய்யுமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

இரண்டாவது, நன்னடத்தைப் பிணை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107 முதல் 110 வரையிலான பிரிவுகள் இன்று வேறு எண்களோடு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் தொடர்கின்றன. குற்றம் நடக்குமுன் அதைத் தடுப்பதற்காக ஒருவரிடம் உறுதிப் பத்திரம் வாங்கும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டில் இந்த அதிகாரம் காவல் துணை ஆணையர்களிடமே அரசாணைகள் வழியே ஒப்படைக்கப்பட்டது. பிடிப்பவரும் அவரே, தீர்ப்பளிப்பவரும் அவரே. சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் அந்த ஆணைகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று கூறி ரத்து செய்தது.

மூன்றாவது, எல்லாரும் குண்டர் சட்டம் என்றழைக்கும் 1982-ஆம் ஆண்டுச் சட்டம். விசாரணை இன்றி ஓராண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்க அது இடம் தருகிறது. கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் விற்போர், குண்டர், நில அபகரிப்போர் என்று தொடங்கிய பட்டியல் பின்னர் திருட்டு விசிடி விற்பவர் வரை நீண்டது. உயர் நீதிமன்றம் இத்தகைய ஆணைகளை அடிக்கடி ரத்து செய்கிறது. தரப்பட்ட ஆவண நகலைப் படிக்க முடியவில்லை, மனுவைப் பரிசீலிக்கக் காலதாமதம் ஆனது என்பன போன்ற காரணங்களை அத்தீர்ப்புகளில் காணலாம். ரத்தாகும் வேளையில் சிறையில் பல மாதங்கள் கழிந்திருக்கும். தேர்வு போயிருக்கும், வேலை போயிருக்கும். அரசுக்கும் பயனில்லை, அவனுக்கும் நீதியில்லை.

மூன்று கருவிகளுக்கும் பொதுவான இயல்பு ஒன்றே. அவை செயலை விசாரிப்பதில்லை, ஆளை மதிப்பிடுகின்றன. செயலை விசாரித்தால் சான்று வேண்டும், சாட்சி வேண்டும், எதிர்வாதத்துக்கு இடம் வேண்டும். ஆளை மதிப்பிட முகவரி போதும்.

இப்படி மதிப்பிடுவதன் இறுதி எல்லை எது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2022 ஏப்ரலில் சென்னைக் கெல்லீஸ் அருகே வாகனச் சோதனையில் கஞ்சாவும் கத்தியும் வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட இளைஞர் ஒருவர் மறுநாள் பிணமாகத்தான் வெளியே வந்தார். காவலர்கள் மீதே கொலை வழக்குப் பதிவாயிற்று. கையில் மாவுக்கட்டோடு வரிசையாக அமர்த்தப்பட்டுப் படமெடுக்கப்படும் இளைஞர்களைச் செய்திகளில் பார்த்து, வழுக்கி விழுந்தார்கள் என்ற விளக்கத்தைப் படித்து, சிரித்துக்கொண்டே கடந்துபோக நாம் பழகிவிட்டோம். ஆம்ஸ்ட்ராங் கொலைக்குப் பின் சில நாட்களுக்குள் கைதானவர்களுள் ஒருவர் மாதவரம் அருகே காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோது கைதட்டியவர்களும் உண்டு. அந்தக் கொலையாளிகள் உணவு கொண்டுவந்து தரும் ஊழியர்களின் சீருடையில் வந்ததாகச் செய்திகள் கூறின. மீண்டும் முத்தநாதன்தான். கோலத்தைப் பார்த்துச் சோதிக்கும் காவல், கோலம் மாற்றத் தெரிந்தவனை விட்டுவிட்டு, மாற்றத் தெரியாதவனைப் பிடித்துக்கொள்கிறது.

முத்தநாதன் கதையின் பிற்பகுதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். குத்துண்டு விழும் நேரத்திலும் மெய்ப்பொருளார், வாளை ஓங்கிய தத்தனைத் தடுத்து, கொதித்து நிற்கும் ஊராரிடமிருந்து அந்தக் கொலைகாரனைக் காத்து எல்லை வரை கொண்டுபோய் விடச் சொன்னார். அவர் அதைச் சிவவேடத்தின் மீது கொண்ட அன்பினால் செய்தார். அரசியலமைப்பு நம்மிடம் அவ்வளவு பெரிய அன்பைக் கேட்கவில்லை. பிடிபட்டவனை உயிரோடு நீதிமன்றம் வரை கொண்டுபோய் விடுங்கள் என்று மட்டுமே கேட்கிறது.

*

ஆளைப் பார்த்துச் சட்டம் வளையலாகாது என்றால், அது ஏற்கெனவே வளைந்திருக்கும் இடங்களையும் பார்க்க வேண்டும். சீக்கியர் கிர்பான் அணிவது மத உரிமையின் பகுதி என்று அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பு விளக்கம் தருகிறது. குடகு மக்களுக்குத் துப்பாக்கி உரிமத்திலிருந்து வழிவழியாக வந்த விலக்கை மத்திய அரசு 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. இவற்றை நாம் குறைகூறவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் மரபைச் சட்டம் மதிக்க முடியும் என்பதற்கு இவை சான்று. அப்படியானால் மீனவரின், இறைச்சி வெட்டுவோரின், துறைமுகத் தொழிலாளியின் கருவியை அவர்தம் பிழைப்பின் பகுதி என்று வெளிப்படையாக எழுதிவைக்க என்ன தடை?

இங்கிலாந்தின் சட்டம் ஒப்பிடத் தக்கது. 1953-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம், தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் தாக்குதல் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆயுதமாகச் செய்யப்பட்டது, ஆயுதமாக மாற்றப்பட்டது, வேறு பொருளேயாயினும் காயப்படுத்தும் எண்ணத்தோடு கொண்டுசெல்லப்படுவது என்று அது வகை பிரித்தது. 1988-இன் சட்டம் கூரிய அலகுடைய கருவிகளைத் தனியே எடுத்துக்கொண்டு, 3 அங்குலத்துக்கு மிகாத மடிப்புக் கத்தியை விலக்கி, வேலை, மதம், தேசிய உடை ஆகியவற்றை ஏற்கத்தக்க காரணங்களாகப் பெயர் சொல்லியே குறித்தது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்தத் தெளிவை. சமையற்காரர் தம் கத்தியோடு இரயிலில் செல்லலாம் என்பதை அவரும் அறிவார், காவலரும் அறிவார்.

ஆயினும் அங்கேயும் வழிச்சோதனை கறுப்பின இளைஞர்கள் மீதே பல மடங்கு அதிகமாகப் பாய்கிறது என்பதை அந்நாட்டு அரசின் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் காட்டுகின்றன. தெளிவான சட்டம் இருந்தால் மட்டும் போதாது. ஆனால், அந்தப் புள்ளிவிவரம் இருப்பதற்கே ஒரு காரணம் உண்டு. 1984-இன் சட்டம் ஒவ்வொரு சோதனையையும் பதிவு செய்யச் சொல்கிறது. சோதிக்கப்பட்டவர் அதன் நகலைக் கேட்டுப் பெறலாம். அநீதி நடக்கிறது என்று அங்கே எண்களோடு சொல்ல முடிகிறது. இங்கே நாம் கதையாக மட்டுமே சொல்ல முடிகிறது. கதைகளைக் காவல்துறை மறுத்துவிடலாம், எண்களை மறுப்பது கடினம்.

*

இவற்றிலிருந்து நமது முன்மொழிவு எளிதாகவே உருவாகிறது.

பொது இடத்தில் கூர்ங்கருவி ஏந்துவது குறித்துத் தமிழ்நாட்டுக்கென்று சுருக்கமான, தமிழிலேயே எழுதப்பட்ட, பத்தாம் வகுப்பு படித்தவர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு சட்டம் வேண்டும். பட்டாக்கத்தி, வாள் போன்று ஆயுதமாகவே செய்யப்பட்டவை ஒரு வகை. அவற்றைத் தெருவில் ஏந்தக் காரணமே இல்லை. தொழிற்கருவிகள் மற்றொரு வகை. அவற்றை உறையிலோ துணியிலோ சுற்றிக் கொண்டுசெல்வது குற்றம் அன்று என்று தொழில்களின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும். அவற்றால் ஒருவரைத் தாக்கும் எண்ணம் இருந்தது என்று அரசு நிறுவினால் மட்டுமே அது குற்றமாக வேண்டும். இதற்கென்று அடையாள அட்டை வழங்கும் யோசனை எழலாம். அதை நாம் ஏற்கவில்லை. அட்டை என்பது இன்னொரு பட்டியல், அட்டை இல்லாதவன் இன்னொரு சந்தேகத்துக்குரியவன்.

சோதிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு தரப்பட வேண்டும். நாள், நேரம், இடம், சோதித்த காரணம், சோதித்தவரின் பெயர் என்ற ஐந்து வரிகள் போதும். நிலையம் வாரியாக அவற்றின் தொகை மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய நடைமுறைச் சட்டம், இடங்களைச் சோதிப்பதையும் பொருள்களைக் கைப்பற்றுவதையும் ஒலி ஒளிப் பதிவாக்கச் சொல்கிறது. அவ்வளவு முடியுமென்றால் ஒரு சீட்டு எழுதவும் முடியும். அண்ணாநகரில் எத்தனை பைகள் திறக்கப்பட்டன, கொருக்குப்பேட்டையில் எத்தனை பைகள் திறக்கப்பட்டன என்பது அடுத்த ஆண்டே நமக்குத் தெரிந்துவிடும்.

எவரையும் காயப்படுத்தாமல் முதன்முறை பிடிபடும் இளைஞன் சிறைக்குப் போகக் கூடாது. 1958-இன் நன்னடத்தைச் சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்புவதற்கு வரம்பிட்டிருக்கிறது. அதைத் தூசு தட்டி எடுத்தாலே போதும். பையில் கத்தியோடு புழல் சிறைக்குள் போகிறவன், வெளியே வரும்போது ஒரு கூட்டத்தோடு வருகிறான் என்பதை வடசென்னையில் எந்த ஆசிரியரும் சொல்வார். கத்தி ஏந்தினான் என்ற ஒரே காரணத்துக்காகக் குண்டர் சட்டத்தைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். ஏந்தியவனை மட்டுமே தேடும் காவல், வடித்தவனையும் விற்றவனையும் தேட வேண்டும். லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து நாலடிக் கத்தி வடிக்கும் பட்டறையில் மீன் வெட்டும் கத்தி எது, மனிதனை வெட்டும் கத்தி எது என்பதில் எவருக்கும் குழப்பம் இராது.

இதற்கு எதிராக ஒன்று கேட்கப்படும். சீட்டு எழுதிக்கொண்டிருந்தால் ரவுடியை எப்போது பிடிப்பது? பல்லாண்டுகளாகச் சீட்டு எழுதாமல்தானே பிடித்துக்கொண்டிருக்கிறோம், தெரு அமைதியாகிவிட்டதா என்பதே நமது பதில். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் கத்திக்குத்துக்குப் பெயர்போனதாக இருந்தது. 2005-இல் அங்குக் காவல்துறையே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, வன்முறையை ஒரு நோயைப் போல அணுகியது. கைது ஒருபுறம் நடந்தது. மறுபுறம் மருத்துவர், ஆசிரியர், சமூகப் பணியாளர், திருந்திவந்த பழைய ஆட்கள் ஆகியோரைக் கொண்டு, அடுத்த குத்து விழுமுன் இளைஞனைச் சென்றடையும் வேலையும் நடந்தது. அங்கே கொலைகள் குறைந்தன. துறைமுகமும் கப்பல் பட்டறைகளும் சுருங்கி வேலையிழந்த நகரம் அது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டதையும், துறைமுகத்தில் கன்டெய்னர்கள் வந்து மூட்டை சுமப்போர் தேவையற்றுப்போனதையும், எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டதையும் பார்த்த நமக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது.

இன்னொன்றையும் இங்கே கேட்டாக வேண்டும். 2023 டிசம்பரில் மழைவெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூக்கத்தில் இருந்த மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தனர். அந்தத் தெருவின் இளைஞன் ஏதேனும் செய்துவிடுவான் என்று முன்கூட்டியே அடைத்துவைக்கச் சட்டம் இருக்கிறது. அந்தத் தெருவுக்கு ஏதேனும் நேர்ந்துவிடும் என்று முன்கூட்டியே குழாயைச் சோதிப்பதில் அதே விழிப்பு ஏன் இல்லை? ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதிலும் நாம் கோலத்தைப் பார்த்தே முடிவு செய்கிறோம்.

*

இலக்கிய வாசகர்களிடம் இதை எடுத்துவர ஒரு காரணம் உண்டு. ‘புதுப்பேட்டை’ தொடங்கி ‘வட சென்னை’ வரை திரையில் பார்த்தவர்களுக்கு இந்நிலம் கத்தியின் இன்னொரு பெயராகிவிட்டது. கொலையைக் குறிக்க இங்கு வழங்கும் ‘சம்பவம்’ என்ற சொல்லை இன்று தென்சென்னைக் கணினி நிறுவனங்களில் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். படங்களின் தரத்தை நாம் இங்கே பேசவில்லை. ஆனால், நேர்முகத் தேர்வில் அமர்ந்திருக்கும் அதிகாரி, வாடகைக்கு வீடு தரும் உரிமையாளர், சாவடியில் நிற்கும் காவலர் ஆகிய மூவருமே அந்தப் படங்களைப் பார்த்தவர்கள். கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகர’த்தையோ ஷாலின் மரிய லாரன்ஸின் ‘வடசென்னைக்காரி’யையோ அவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. படித்தவர்கள் நாம். அப்படியானால் பேச வேண்டியவர்களும் நாமே.

சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் விவாதத்துக்கு வருகிறது. எத்தனை ரவுடிகள் கைது, எத்தனை பேர் மீது குண்டர் சட்டம், எத்தனை கத்திகள் பறிமுதல் என்ற எண்கள் அங்கே வாசிக்கப்படும். எத்தனை பைகள் திறக்கப்பட்டன, எந்தத் தெருக்களில், அவற்றுள் எத்தனையில் ஏதும் இல்லை என்ற எண்ணையும் எவரேனும் ஓர் உறுப்பினர் கேட்க வேண்டும். இராயபுரம், திருவொற்றியூர்த் தொகுதிகளின் உறுப்பினர்கள் கேட்டால் இன்னும் பொருத்தம். இப்பக்கத்தை வாசிப்போருள் அவர்களுக்குக் கடிதம் எழுதக்கூடியவர்கள் பலர் இருக்கிறீர்கள். இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள்.